லாக் இல்லாத வெளிநாட்டு போன்: வீட்டுக்குள் சிக்னல் இல்லை, பேசும்போது 3ஜிக்கு இறங்குகிறது. சரிசெய்ய முடியுமா?

புதுசிம்:

வணக்கம். அமெரிக்க நெட்வொர்க் ஒன்றுக்காகத் தயாரான ஆண்ட்ராய்டு போன் கையில் இருக்கிறது. லாக் முறைப்படி எடுக்கப்பட்டுவிட்டது, எந்த சிம்மைப் போட்டாலும் ஏற்கிறது. இப்போது இருப்பது வேறு நாட்டில். இரண்டு சிக்கல்கள்.

முதலாவது, வெளியே நிற்கும்போது 4ஜி நன்றாக எடுக்கிறது. உள் அறைக்குப் போனால் ஒரு கோடு, கொஞ்ச நேரத்தில் 'சேவை இல்லை'. இதே சிம்மைப் பழைய போனில் போட்டு அதே மேசையில் வைத்தால் மூன்று கோடு நிற்கிறது.

இரண்டாவது, அழைப்பு வந்தால் மேலே 4ஜி மறைந்து 'எச்' என்று வருகிறது. பேசி முடித்துச் சில நொடிகள் கழித்துத்தான் 4ஜி திரும்புகிறது. இந்த நெட்வொர்க் 3ஜியை நிறுத்தப்போவதாக அறிவித்திருப்பதால் இதுதான் பெரிய கவலை.

போனின் விவரத்தாளில் உள்ள 4ஜி பேண்டுகள் (எண்ணிட்ட அலைவரிசைப் பிரிவுகள்): 1, 2, 3, 4, 5, 7, 12, 13, 66, 71. நெட்வொர்க் பயன்படுத்துவது 3, 7, 20. வேறு நாட்டு ஃபர்ம்வேர் (போனின் அடிப்படை மென்பொருள்) ஏற்றினால் இவை சரியாகுமா? அடுத்த முறை வாங்குமுன் எதை எதைப் பார்க்க வேண்டும்?

அலைக்கம்பம்:

உங்களுடையது இரண்டு தனித்தனிக் கோளாறு. ஒன்று வன்பொருள், மற்றது அனுமதி. சேர்த்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

'அன்லாக் ஆகிவிட்டது' என்பதற்கு ஒரே பொருள்தான்: பிற நிறுவன சிம்மை போன் மறுக்காது. அந்த நிறுவனத்தின் அலைவரிசையை போனால் கேட்க முடியுமா என்பது வேறு கேள்வி. கேட்க முடிந்தாலும் 4ஜி வழியாகவே குரல் அழைப்பை அந்த நிறுவனம் இந்த மாடலுக்குத் திறந்துவிட்டிருக்கிறதா என்பது மூன்றாவது கேள்வி. விற்பவர்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள், வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது மற்ற இரண்டில்.

உங்கள் பட்டியலில் 20 இல்லை. நெட்வொர்க்கின் மூன்று பேண்டுகளில் அது ஒன்றுதான் 800 மெகாஹெர்ட்ஸ். 3 என்பது 1800, 7 என்பது 2600. அலைவரிசை ஏற ஏற சுவரைத் தாண்டும் திறன் குறையும். சுவரே இல்லாத திறந்த வெளியில்கூட 800-க்கும் 1800-க்கும் இடையே ஏறக்குறைய 7 டெசிபெல் வேறுபாடு உண்டு, கான்கிரீட் வந்தால் இடைவெளி இன்னும் பெரிதாகும். பழைய போன் உள்ளறையில் பேண்ட் 20-க்கு மாறிக்கொள்கிறது, இந்த போனுக்கு மாற இடமில்லை.

ஊகமாகவே விடாமல் அளந்து பாருங்கள். டயலரில் *#*#4636#*#* அடித்து 'போன் தகவல்' பக்கத்துக்குப் போங்கள். சில தயாரிப்பாளர்கள் இந்தப் பக்கத்தை மறைத்திருப்பார்கள், அப்படியானால் செல் விவரம் காட்டும் ஏதாவது ஒரு செயலி போதும். ஐபோனில் *3001#12345#* அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்தினால் இதே விவரம் வரும். பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். ஒன்று ஆர்எஸ்ஆர்பி, அதாவது டவர் சிக்னலின் வலிமை. மைனஸ் 80 அருகில் என்றால் நல்லது, மைனஸ் 100 ஓடும், மைனஸ் 110 தாண்டினால் தள்ளாட்டம், 120-ல் தொடர்பு அறும். மற்றது இஏஆர்எஃப்சிஎன் என்ற சேனல் எண். போன் அந்த நொடியில் எந்த பேண்டில் நிற்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்:

0–599: பேண்ட் 1
1200–1949: பேண்ட் 3
2400–2649: பேண்ட் 5
2750–3449: பேண்ட் 7
3450–3799: பேண்ட் 8
6150–6449: பேண்ட் 20
9210–9659: பேண்ட் 28
38650–39649: பேண்ட் 40

இரண்டு போனையும் ஒரே மேசையில் வைத்து, ஒரே சிம்மை மாற்றி மாற்றிப் போட்டு, இந்த இரண்டு எண்களையும் குறித்து இங்கே போடுங்கள். கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை டெசிபெலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறார்.

ஒத்திசைவு:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இதில் ஏமாந்துபோகிறவர்கள் நிறைய. மெகாஹெர்ட்ஸ் எண்ணை வைத்து ஒப்பிடவே கூடாது, பேண்ட் எண்ணை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

'700 இருக்கிறது' என்று ஒரு விவரத்தாள் சொன்னால் அது 12 ஆகவும் இருக்கலாம், 13 ஆகவும் இருக்கலாம், 28 ஆகவும் இருக்கலாம். டவரிலிருந்து போனுக்கு வரும் திசையில் பேண்ட் 12 இருப்பது 729–746, பேண்ட் 13 இருப்பது 746–756, பேண்ட் 28 இருப்பது 758–803. ஒன்றுக்கான வடிகட்டி மற்றொன்றை விடாது. '2100' என்பதும் அப்படித்தான். பேண்ட் 1, பேண்ட் 4 இரண்டிலும் போன் கேட்பது 2110-க்கு மேல். ஆனால் போன் பதில் அனுப்புவது பேண்ட் 1-ல் 1920–1980, பேண்ட் 4-ல் 1710–1755. டவர் பேசுவது காதில் விழுந்தாலும் பதில் போய்ச் சேராது.

பேண்ட் 28-ல் இன்னொரு நுணுக்கம். முழு அகலத்தையும் ஒரே வடிகட்டியில் அடக்குவது கடினம் என்பதால் 28ஏ, 28பி என்று பிரித்துப் பொருத்துவார்கள். 28ஏ போனிலிருந்து அனுப்பும் திசையில் 703–733 வரை, 28பி 718–748 வரை. ஐரோப்பாவில் பயன்படுவது 28ஏ பகுதி. அதற்காகத் தயாரான சில போன்களில் 28ஏ மட்டுமே இருக்கும். உங்கள் நெட்வொர்க் மேல்பகுதியில் இயங்கினால், விவரத்தாளில் 28 என்று அச்சாகியிருந்தும் பயனில்லை.

எண் வேறாக இருந்தும் வேலை செய்யும் இடங்களும் உண்டு. பேண்ட் 26-க்குள் பேண்ட் 5 முழுவதும் அடங்கும், 41-க்குள் 38 அடங்கும், 66-க்குள் 4 அடங்கும். இந்த மாதிரி இடங்களில் டவரே ஒரே அலையை இரண்டு பேண்ட் எண்ணிலும் அறிவிக்க வழி இருக்கிறது. அதை எல்லா நெட்வொர்க்கும் செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பெட்டியில் உள்ள வணிகப் பெயரை வைத்துத் தேடுவதும் வீண். ஒரே பெயரில் மூன்று நான்கு வன்பொருள் வரும். சாம்சங்கில் மாடல் எண்ணின் கடைசி எழுத்து முக்கியம்: பி என்றால் பன்னாட்டு வடிவம், யு என்றால் அமெரிக்க நெட்வொர்க் வடிவம், யு1 என்றால் அங்கே லாக் இல்லாமல் விற்பது, என் என்றால் கொரியா. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய் 'மாடல் நம்பர்' வரியை ஒருமுறை தொட்டால் ஏ என்ற எழுத்தும் நான்கு இலக்கமும் வரும். பேண்ட் பட்டியலை அந்த எண்ணுக்குத்தான் பார்க்க வேண்டும்.

மோடம்பிரியன்:

ஃபர்ம்வேர் மாற்றிப் பாருங்கள். குவால்காம் சிப் என்றால் கணினியில் இணைத்து, நெட்வொர்க்கோடு பேசும் பகுதியான மோடத்தில் பேண்ட் 20-ஐத் திறந்துவிடவும் வழி இருக்கிறது.

அலைக்கம்பம்:

மோடம்பிரியன், அந்த வழி இங்கே உதவாது. மோடம் சிப்புக்குப் பேண்ட் 20 தெரிந்திருக்கும், அது உண்மை. ஆனால் சிப்புக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் அந்த பேண்டுக்கான வடிகட்டியும் திறன்பெருக்கியும் பலகையில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்க மாடலில் அந்த இடம் பெரும்பாலும் காலியாக விடப்பட்டிருக்கும், அல்லது 12, 13-க்கான பாகம் உட்கார்ந்திருக்கும். மென்பொருளில் திறந்தால் போன் பேண்ட் 20-ஐத் தேடும், எதுவும் கிடைக்காது, தேடியே பேட்டரியைத் தீர்க்கும். மோடத்தின் அந்தப் பகுதியைத் தவறாக எழுதிவிட்டால் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயும் அளவுத்திருத்தத் தரவும் அழிந்து, இப்போது கிடைக்கிற சிக்னலும் போய்விடும். புதுசிம் இதைச் செய்ய வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

ஃபர்ம்வேரால் சரியாகக்கூடியது இரண்டாவது சிக்கல் மட்டுமே.

நாலாம்தலைமுறை:

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன்.

4ஜி பிறவியிலேயே டேட்டாவுக்கான வலை. அதில் பழைய மாதிரிக் குரல் பாதையே கிடையாது. குரலையும் டேட்டாவாக அனுப்புவதுதான் வோல்ட்டி. அது நடக்காதபோது, அழைப்பு வரும் நொடியில் நெட்வொர்க் போனை 3ஜிக்கோ 2ஜிக்கோ தள்ளிவிடும். நீங்கள் பார்க்கும் 'எச்' அதுதான். தள்ளிவிடக் கீழே எதுவும் இல்லாத நெட்வொர்க்கில் அழைப்பே நடக்காது. இந்தியாவில் ஜியோ 2016 செப்டம்பரில் தொடங்கியபோதே 2ஜியும் 3ஜியும் வைக்கவில்லை. அதனால் 4ஜி இருந்தும் வோல்ட்டி இல்லாத போன்களில் தனிச் செயலி வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஏடி&டி 2022 பிப்ரவரியில் 3ஜியை மூடியபோது, அனுமதித்த மாடல்களின் பட்டியலை வெளியிட்டது. வோல்ட்டி உள்ள போனாக இருந்தும் பட்டியலில் இல்லாததால் வெளியே நின்றவை பல.

போனில் வோல்ட்டி இருப்பது பாதிதான். நெட்வொர்க்கின் ஐஎம்எஸ் என்ற குரல் மையத்தில் போன் பதிவாக வேண்டும். அதற்கான சர்வர் முகவரி, குரல் சுருக்கமுறை, அவசர அழைப்பு விதி எல்லாம் நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் மாறும். இந்த அமைப்புகளைத் தயாரிப்பாளர் ஒரு கோப்பாக ஃபர்ம்வேருக்குள் வைக்கிறார். உங்கள் போனில் அமெரிக்க நிறுவனத்தின் கோப்பு இருக்கும், இங்குள்ள நிறுவனத்தின் கோப்பு இருக்காது. அதனால்தான் செட்டிங்ஸில் வோல்ட்டி பொத்தானே தெரியாமல் போகிறது.

சோதிக்கும் முறை: அதே 4636 பக்கத்தில் 'ஐஎம்எஸ் நிலை' என்பதைத் திறங்கள். 'பதிவாகவில்லை' என்றிருந்தால் விடை கிடைத்துவிட்டது. பதிவாகியிருந்தாலும் இன்னொரு சோதனை செய்யுங்கள். அங்கேயே விருப்ப நெட்வொர்க் வகையை 'எல்டிஇ மட்டும்' (4ஜி மட்டும்) என்று வையுங்கள். ஒரு நிமிடம் விட்டு, வைஃபையை அணைத்துவிட்டு, வேறொரு எண்ணுக்கு அழையுங்கள். மணி அடித்து, இரு பக்கமும் குரல் கேட்டு, மேலே 4ஜி அப்படியே நின்றால் வோல்ட்டி வேலை செய்கிறது. பிறகு அந்த எண்ணிலிருந்து உங்களுக்கு அழைக்கச் சொல்லுங்கள், ஒரு திசை மட்டும் வேலை செய்யும் போன்களும் உண்டு. முடித்ததும் அமைப்பைப் பழையபடி மாற்ற மறக்காதீர்கள். மறந்தால் அழைப்பே வராமல் கிடக்கும்.

பதிவாகவில்லை என்றால் செய்து பார்க்க வேண்டியவை, இந்த வரிசையில். நெட்வொர்க்கிடம் கேட்டு உங்கள் எண்ணில் வோல்ட்டி இயக்கப்பட்டிருப்பதை உறுதி செய்யுங்கள், மிகப் பழைய சிம் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். போனை முழுமையாக அப்டேட் செய்து, சிம் உள்ளே இருக்கும்போதே மறுபடி தொடங்குங்கள். டேட்டா இணைப்புக்கான ஏபிஎன் பட்டியலைத் தொடக்க நிலைக்கு மீட்டுவிட்டு, நெறிமுறை 'ஐபிவி4/ஐபிவி6' என்றிருக்கிறதா பாருங்கள். ஐபிவி4 மட்டும் என்று வைத்தால் சில நெட்வொர்க்குகளில் டேட்டாவே வராது. ஷாவ்மி போன் என்றால் *#*#86583#*#* அடித்தால் நெட்வொர்க் பட்டியல் சோதனை அணைந்து வோல்ட்டி பொத்தான் வெளியே வரும். பொத்தான் வந்தாலே பதிவாகிவிடும் என்றில்லை, மறுபடியும் ஐஎம்எஸ் நிலையைப் பாருங்கள்.

சாம்சங்கில் யு வடிவத்துக்கும் யு1 வடிவத்துக்கும் வன்பொருள் ஒன்றே, ஃபர்ம்வேர்தான் வேறு. மாற்றி ஏற்றுபவர்கள் உண்டு. அப்படி ஏற்றினாலும் அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நெட்வொர்க்கின் வோல்ட்டி கோப்பு அதில் இருக்க வேண்டுமே, அதைத் தேடி உறுதி செய்த பிறகே கை வையுங்கள். பி வடிவத்தின் ஃபர்ம்வேரை யு வன்பொருளில் ஏற்றவே கூடாது.

புதுசிம்:

எல்லாருக்கும் நன்றி. அளந்துவிட்டேன்.

உள்ளறை மேசையில் இந்த போன்: சேனல் 1300, ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 118. பழைய போன் அதே இடத்தில்: சேனல் 6300, மைனஸ் 97.

ஐஎம்எஸ் நிலை: பதிவாகவில்லை. 'எல்டிஇ மட்டும்' வைத்து அழைத்தால் உடனே துண்டாகிறது. சிம் புதியது, ஏபிஎன் மீட்டாயிற்று, போனில் இனி அப்டேட் இல்லை. ஷாவ்மி அல்ல. வைஃபை காலிங் வழியாகச் சமாளிக்கலாமா?

அலைக்கம்பம்:

1300 என்பது பேண்ட் 3, 6300 என்பது பேண்ட் 20. நினைத்தபடியே இருக்கிறது. இடைவெளி 21 டெசிபெல், அதாவது பழைய போனுக்குக் கிடைக்கும் சிக்னல் நூறு மடங்குக்கும் மேல் வலிமையானது. இதை எந்த அமைப்பும் ஈடுகட்டாது.

வைஃபை காலிங்கும் அதே ஐஎம்எஸ் பதிவை நம்பித்தான் இருக்கிறது. வோல்ட்டி கோப்பு இல்லாத போனில் அதுவும் பெரும்பாலும் இருக்காது. செயலி வழி அழைப்புகள் வைஃபையில் ஓடும், ஆனால் உங்கள் எண்ணுக்கு நேராக வரும் அழைப்புக்கு அது விடையல்ல.

இந்த போனை முதன்மை போனாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. 3ஜி நின்ற மறுநாள் டேட்டா ஓடும், அழைப்பு நின்றிருக்கும். திருப்பித் தர வழியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். இல்லையென்றால் டேட்டாவுக்கும் வைஃபைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாம்தலைமுறை:

அவசர அழைப்பு பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். சாதாரண அழைப்புக்கு வோல்ட்டியும், அவசர அழைப்புக்கு வோல்ட்டியும் போனுக்குள் இரண்டு தனி அமைப்புகள். சாதாரண அழைப்பு 4ஜியில் நன்றாகப் போகும். அவசர எண்ணை அடித்தால் மட்டும் 3ஜியைத் தேடி ஓடும்படி எழுதப்பட்ட மாடல்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் 28 முதல் 3ஜியை மூடத் தொடங்கியபோது இதுதான் பெரிய சிக்கலானது. அந்நாட்டு அவசர எண்ணான 000-ஐ அழைக்க இயலாத போன்களுக்குச் சேவையே தரக்கூடாது என்று அங்கே விதி வந்தது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த நல்ல போன்களும் அதில் அடைபட்டன.

இதை நீங்களே அவசர எண்ணை அழைத்துச் சோதிக்காதீர்கள். *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐயை நெட்வொர்க்கின் சோதனைப் பக்கத்தில் கொடுத்தோ வாடிக்கையாளர் சேவையில் சொல்லியோ கேளுங்கள். முதல் 8 இலக்கங்கள் மாடலைக் குறிப்பவை, அவர்கள் பார்ப்பது அதைத்தான்.

ஒத்திசைவு:

5ஜி பற்றிச் சுருக்கமாக, அடுத்த போன் வாங்கும்போது தேவைப்படும்.

5ஜி பேண்டுகளில் என்78 என்பது 3300–3800 மெகாஹெர்ட்ஸ், என்77 என்பது 3300–4200. என்78 மட்டும் உள்ள போன் 3800-க்கு மேலே இயங்கும் டவரைக் காணாது. பேண்ட் பொருந்தினாலும் வகை பொருந்த வேண்டும். சில நெட்வொர்க்குகளில் 5ஜி தனித்து நிற்கும், சிலவற்றில் 4ஜியைத் துணைக்குப் பிடித்துக்கொண்டு நிற்கும். துணையோடு நிற்கும் வகையில், இந்த 4ஜி பேண்டோடு இந்த 5ஜி பேண்ட் என்ற ஜோடியே போனின் பட்டியலில் இருக்க வேண்டும். இரண்டும் தனித்தனியே இருந்தால் போதாது.

இங்கேயும் அனுமதி உண்டு. இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபரில் வந்துவிட்டது. ஆனால் 5ஜி வன்பொருள் உள்ள ஐபோன்களில் அது இயங்கியது அந்த ஆண்டு டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வந்த பிறகுதான்.

சிம் தட்டையும் பாருங்கள். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-ல் சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். உங்கள் நெட்வொர்க் இ-சிம் தரவில்லை என்றால் அந்த போனைத் தொட வேண்டாம். *#06# திரையில் 32 இலக்க இஐடி எண் வந்தால் போனில் இ-சிம் இருக்கிறது.

புதுசிம்:

தெளிவாகிவிட்டது, இந்த போனைத் திருப்பித் தருகிறேன். அடுத்ததை நேரில் பார்க்காமல் வாங்க வேண்டியிருக்கும். விற்பவரிடம் எதைக் கேட்டு வாங்குவது?

அலைக்கம்பம்:

படங்களாகக் கேளுங்கள், வாய்ச்சொல் வேண்டாம். முழு மாடல் எண் தெரியும் 'போன் பற்றி' பக்கம். *#06# திரை. லாக் நிலை: ஐபோன் என்றால் அபவுட் பக்கத்தில் 'கேரியர் லாக்' என்ற வரியில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்றிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு என்றால், இதுவரை பயன்படுத்தாத வேறு நிறுவன சிம் ஒன்றைப் போட்டு, அன்லாக் பின் கேட்காமல் நெட்வொர்க் பெயர் வந்திருக்கும் திரை.

மாடல் எண் வந்ததும், உங்கள் நெட்வொர்க்கின் பேண்டுகளில் 1000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றை முதலில் ஒப்பிடுங்கள். உங்களுக்கு அது 20. அது இல்லையென்றால் மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை. இருந்தால் ஐஎம்இஐயை நெட்வொர்க்கிடம் கொடுத்து மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: இந்த மாடலுக்கு வோல்ட்டி திறந்திருக்கிறதா, அவசர அழைப்பு 4ஜியில் போகுமா, இந்த ஐஎம்இஐ தடைப்பட்டியலில் இருக்கிறதா. '4ஜி வேலை செய்யும்' என்று மட்டும் பதில் வந்தால் அதை ஏற்காமல் திரும்பக் கேளுங்கள்.

இரண்டு சிம் போடுவதாக இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் வோல்ட்டி பதிவாகுமா என்பதையும் பாருங்கள். பழைய மாடல்களில் இரண்டாவது சிம் 2ஜி அல்லது 3ஜியில்தான் நிற்கும். போன் கைக்கு வந்த அன்றே, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், உள்ளறையில் சேனல் எண்ணையும் 'எல்டிஇ மட்டும்' அழைப்பையும் சோதித்துவிடுங்கள்.